விலை கொடுத்து வாங்கிய அமைதி

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டம் ஒன்றில் ட்ரெட் ஸ்காட் என்பவர் துயில்கின்றார். அடிமையாய்ப் பிறந்தவர், எழுத்தறியாதவர். ஆயினும், அவர் தொடுத்த வழக்கு ஒரு பெரும் நாட்டையே உலுக்கிற்று.

1787-இல் அமெரிக்க அரசியல் சட்டத்தை வகுத்தோர், ‘அடிமை’ என்னும் சொல்லை அதில் எழுதக் கூசினர். ஆனால் அடிமை முறையை ஒழிக்கத் துணியவில்லை. வடக்கும் தெற்கும் பிரியாதிருக்க வேண்டுமென்று அதனைத் தொடாது விட்டனர். காலப்போக்கில் அது தானே மறையும் எனப் பலர் நம்பினர். நடந்ததோ வேறு. 1793-இல் பருத்திக்கொட்டை நீக்கும் எந்திரம் வந்தது. தென்னகத்தில் பருத்தி பொன்னாக விளைந்தது. 1790-இல் ஏறத்தாழ 7 லட்சமாயிருந்த அடிமைகள், 1860-இல் ஏறத்தாழ 40 லட்சமாயினர்.

பூசல் எழும்போதெல்லாம் அரசியலார் உடன்பாடு செய்தனர். 1820-இல் நிலப்படத்தில் கோடு கிழித்து, அதற்கு வடக்கே புதிய நிலப்பகுதிகளில் அடிமை முறை கூடாது என்றனர். மிஸ்ஸௌரி மட்டும் விலக்கு. 1850-இல், தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்க வடநாட்டாரையும் கட்டாயப்படுத்தினர். பிடிபட்டவரை உடைமையாளரிடம் ஒப்படைத்தால் விசாரணை அலுவலருக்கு 10 டாலர். விடுவித்தால் 5 டாலர்! 1854-இல் பழைய கோட்டையும் அழித்தனர். கான்சாசில் இரத்தம் சிந்திற்று. ஒவ்வோர் உடன்பாட்டிற்கும் விலை கொடுத்தவர் யார்? பேச்சுவார்த்தையில் இடமே பெறாத அடிமைகள்தாம்.

ட்ரெட் ஸ்காட், அடிமை முறையில்லாப் பகுதிகளில் தம் எஜமானருடன் சில ஆண்டுகள் வாழ்ந்தவர். எனவே தமக்கு விடுதலை வேண்டுமென்று, 1846-இல் மனைவி ஹேரியட்டுடன் வழக்குத் தொடுத்தார். 1857-இல் உச்ச நீதிமன்றம் அதனைத் தள்ளியது. கறுப்பின மக்கள் அந்நாட்டின் குடிமக்களாக இயலாது எனத் தீர்ப்பெழுதிய தலைமை நீதிபதி ரோஜர் டானி, ஒரு கத்தோலிக்கர். முற்காலத்தில் தம் சொந்த அடிமைகளை விடுவித்தவரும் அவரே! இல்லத்தில் இரக்கம் காட்டிய கரம், நீதியிருக்கையில் அநீதியை எழுதிற்று.

அவரை மட்டும் குறை கூறுவானேன்? 1838-இல் மேரிலாந்து சேசு சபைத் துறவிகள் 272 அடிமைகளை விற்றனர். கல்லூரிக் கடனடைக்க அப்பணம் உதவிற்று. மறு ஆண்டே திருத்தந்தை பதினாறாம் கிரகோரியார் அடிமை வாணிகத்தைக் கண்டித்தார். அது கடல் கடந்த வாணிகத்தையே குறிக்கும் என விளக்கம் கூறி ஒதுங்கியோர் நம்மவரிலும் உண்டு. விற்கப்பட்டோரின் வழித்தோன்றல்களிடம் சேசு சபையார் மன்னிப்புக் கோரியது 2017-இல்தான்.

ஸ்காட்டின் உடைமையுரிமையைத் தம் பெயருக்கு மாற்றிப் பெற்ற வேறொருவர் அவரை விடுவித்தார். அடுத்த ஆண்டே, 1858-இல், அவர் இறந்தார். 1860-இல் லிங்கன் குடியரசுத் தலைவராகத் தேர்வானதும் தென் மாநிலங்கள் பிரியத் தொடங்கின. 1861 ஏப்ரலில் போர் மூண்டது. 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட பின்னரே, 1865-இல் அடிமை முறை ஒழிந்தது.

அன்பு வாசகர்களே! பிறனுடைய உரிமையைப் பறித்து வாங்கும் அமைதி, அமைதியன்று. தவணை தள்ளிய கடன். வட்டியோடு அதனைச் செலுத்துவோர் நம் பிள்ளைகளே. ‘ஊர் வழக்கம்’, ‘வீண் சண்டை எதற்கு’ என்று நாம் வாய்மூடியிருக்கும் வேளையில், அந்த மௌனத்தின் விலையை யார் கொடுக்கிறார் என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம்.