விதை காத்திருக்காது! ஆற்றங்கரை மரங்களுக்கு வீட்டு வாசலே நர்சரி... மூங்கில்துறைப்பட்டுக்கு ஏற்ற எளிய வழி

2024 டிசம்பர் 2. ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணை நிரம்ப, விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. அணைக்குக் கீழே, ஆற்றோரமாக இருக்கும் ஊர்களில் மூங்கில்துறைப்பட்டும் ஒன்று.

அவ்வளவு பெரிய வெள்ளத்தை மரங்களால் தடுத்துவிட முடியாது. ஆனால், கரை மண் கரைந்து போகாமல் பிடித்து வைக்க வேர்களைவிட மலிவான வழி இல்லை. பெயரிலேயே மூங்கிலை வைத்திருக்கும் ஊருக்கு இது புதிய செய்தியும் அல்ல. கேள்வி ஒன்றுதான்... நடுவதற்கு நாட்டு மரக்கன்றுகள் எங்கிருந்து வரும்?

நர்சரியால் மட்டும் முடியாதது ஏன்?

நாட்டு மரங்கள் பலவற்றின் விதைகளைச் சேமித்து வைக்க முடியாது. நாவல் கொட்டை காய்ந்தால் முளைக்காது. பழம் தின்ற சில நாள்களுக்குள் மண்ணுக்குள் போக வேண்டும். வேப்பங்கொட்டைக்கு இரண்டு, மூன்று வாரம்தான் கெடு. எண்ணெய்ச் சத்து நிறைந்த இலுப்பையும் அப்படியே. கடையில் பாக்கெட் வாங்கி, நேரம் கிடைக்கும்போது விதைக்கிற கதை இங்கே நடக்காது. மரத்துக்குப் பக்கத்தில் வசிப்பவர்கள், பழம் விழும் வாரத்திலேயே விதைத்தால்தான் உண்டு. அந்த வேலைக்கு வீடுகளே சரியான இடம்.

உலகம் செய்து காட்டியது

கென்யாவில் 1977-ல் வங்காரி மாத்தாய் தொடங்கிய பசுமைப் பட்டை இயக்கத்தில், கிராமத்துப் பெண்களே விதை சேகரித்துக் கன்று வளர்த்தார்கள். பிழைத்த கன்றுக்கு மட்டும் சிறு தொகை கொடுக்கப்பட்டது. மாத்தாய்க்கு 2004-ல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. தெற்கு ஆஸ்திரேலியாவில் 1981-ல் உருவான ‘ட்ரீஸ் ஃபார் லைஃப்’ அமைப்பில், நகரவாசிகள் தங்கள் வீட்டுக் கொல்லையில் அந்த மண்ணுக்குரிய கன்றுகளை வளர்த்து, நிலம் வைத்திருப்பவர்களிடம் ஒப்படைக்கிறார்கள்.

நமக்குப் பக்கத்து மாவட்டமான விழுப்புரத்திலும் ஒரு பாடம் இருக்கிறது. 1968-ல் ஆரோவில் தொடங்கியபோது அது வறண்ட செம்மண் மேடு. முதலில் வேகமாக வளரும் வெளிநாட்டு மரங்களும் நடப்பட்டன. பிறகு, சுற்று வட்டாரக் கோயில் காடுகளில் எஞ்சியிருந்த நாட்டு மரங்களின் விதைகளை எடுத்துக் கன்றுகள் உருவாக்கினார்கள். கோயில் காடு என்பது விதை வங்கியும்கூட.

எந்த மரம், எப்போது?

* நீர்மருது: ஆற்றங்கரைக்கென்றே பிறந்த மரம். கோடையில் விழும் இறக்கை வைத்த காய்களை இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து விதைக்கலாம். முளைக்க வாரக்கணக்கில் ஆகும். பொறுமை தேவை.
* புங்கன்: கோடையில் காய் முற்றும். முதல்முறை வளர்ப்பவர்களுக்கு ஏற்றது, சுலபமாக முளைக்கும்.
* நாவல், வேம்பு: ஜூன், ஜூலையில் பழம் விழுந்ததும் சதையைக் கழுவிவிட்டு உடனே விதைக்க வேண்டும். ஒரே நாவல் கொட்டையிலிருந்து இரண்டு, மூன்று முளைகள்கூட வரும்.
* சரக்கொன்றை: விதைத்தோல் கடினம். லேசாக உரசிவிட்டு, ஓர் இரவு ஊறவைத்தால் முளைக்கும்.
* கடுக்காய்: கல்வராயன் மலைக்குப் பேர் சொல்லும் மரம். ஓடு கெட்டி என்பதால் முளைப்பது கடினம். கொஞ்சம் அனுபவம் வந்தபின் முயலலாம்.
* மூங்கில்: பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறைதான் பூக்கும். அதனால் கிழங்கு, கழி மூலமே பெருக்குவது வழக்கம்.

விதை எடுக்கும் தாய்மரம் முக்கியம். நோயில்லாத, நன்கு வளர்ந்த மரங்கள் பலவற்றிலிருந்து கலந்து எடுக்க வேண்டும். கர்நாடகாவில் வனத்துறை நர்சரியில் வேலை பார்த்து, 2021-ல் வெறுங்காலுடன் சென்று பத்மஸ்ரீ பெற்ற துளசி கௌடா, காட்டில் தாய்மரத்தை அடையாளம் காண்பதில்தான் பெயர் பெற்றார்.

பால் கவர் போதும்

காலி பால் கவரைக் கழுவி, அடியில் நான்கைந்து துளை போடுங்கள். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. மூங்கில்துறைப்பட்டில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருப்பதால், ஆலைக்கழிவான பிரஸ்மட் கிடைத்தால் அதையும் உரமாகச் சேர்க்கலாம். ஆனால், நன்றாக மக்கியிருக்க வேண்டும். பச்சையாகப் போட்டால் சூட்டில் முளை கருகிவிடும்.

விதையின் பருமனைப்போல இரண்டு மடங்கு ஆழத்தில் ஊன்றி, அரை நிழலில் வைத்து, பூவாளியால் தண்ணீர் தெளிக்க வேண்டும். மாதம் ஒருமுறை கவரை இடம் மாற்றிவைத்தால் வேர் தரையில் இறங்காது. நடுவதற்கு ஒரு மாதம் முன்பு தண்ணீரைக் குறைத்து, வெயிலுக்குப் பழக்க வேண்டும். ஒன்றரை, இரண்டு அடி வளர்ந்த கன்றை அக்டோபர், நவம்பர் மழையில் நடலாம். நடும்போது கவரைக் கட்டாயம் கிழித்து எடுத்துவிட வேண்டும்.

இதையும் கவனிக்கணும்!

காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி விதை எடுக்கவோ, கன்று நடவோ கூடாது. சாலையோரம், கோயில், ஏரிக்கரை மரங்களின் அடியிலேயே போதுமான விதை கிடைக்கும். ஆற்றங்கரை, பொது நிலங்களில் நட ஊராட்சியிடமும் நீர்வளத்துறையிடமும் கேட்டுக்கொள்வது நல்லது. சொந்த வரப்புக்கு யாரையும் கேட்க வேண்டாம்.

எத்தனை கன்று நட்டோம் என்பது கணக்கல்ல. முதல் இரண்டு கோடையைத் தாண்டியவை எத்தனை என்பதே கணக்கு. வீட்டுக்கு 20 கவர் என்றாலும், 50 வீடு இருக்கும் தெருவில் 1,000 கன்று. அடுத்த முறை நாவல்பழம் சாப்பிட்டால், கொட்டையைக் குப்பையில் போடாமல் ஒரு பால் கவரைத் தேடுங்கள்!