ஜூலையில் கொரியா ட்ரிப்பா? தேகு நகரின் 'சிக்கன் - பீர்' திருவிழாவை வைத்து ப்ளான் போடுவது எப்படி?

கே-டிராமா பார்ப்பவர்களுக்கு அந்தக் காட்சி அத்துப்படி. வேலை முடிந்த களைப்பில் நண்பர்கள் உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் ஒரு பெட்டி நிறைய பொரித்த கோழி, பக்கத்தில் நுரை பொங்கும் பீர். இந்த ஜோடிக்குக் கொரியர்கள் வைத்திருக்கும் பெயர் 'சிமேக்'. 'சிக்கின்' என்ற சொல்லின் தலையையும், பீரைக் குறிக்கும் 'மேக்ஜு'வின் தலையையும் ஒட்டவைத்த வார்த்தை.

இதற்காகவே தென்கொரியாவின் தேகு நகரம் 2013 முதல் கோடையில் ஒரு திருவிழா நடத்துகிறது. இடம், துர்யு பூங்கா. மொத்தம் ஐந்து நாள், புதன் முதல் ஞாயிறு வரை. நுழைவு இலவசம், சாப்பிடுவதற்குத்தான் காசு.

கேட்கவே செம ப்ளான்தான். ஆனால் லீவு, விசா, ஃப்ளைட் மூன்றும் அந்த ஐந்து நாளோடு பொருந்தாவிட்டால், போய்ப் பார்ப்பது வெறும் பூங்காவாகத்தான் இருக்கும். அதனால் சில விஷயங்களை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

தேகுவுக்கும் கோழிக்கும் என்ன சம்பந்தம்?

கொரியப் போருக்குப் பிறகு தேகு சுற்றுவட்டாரத்தில் கோழிப் பண்ணைகள் பெருகின. கோழி மலிவாகக் கிடைத்ததால் கடைகளும் பெருகின. இனிப்பும் காரமும் கலந்த சிவப்பு சாஸ் பூசிய 'யாங்யோம் சிக்கன்' இன்று உலகம் முழுக்கப் பிரபலம். அதை உருவாக்கியவராகப் பரவலாகக் கருதப்படும் யூன் ஜோங்-கே கடை நடத்தியது தேகுவில்தான். ஆறிப்போன கோழி காய்ந்து, சாப்பிடுபவர்களின் வாயைக் குத்தியது. அதற்குத் தீர்வு தேடப்போய்ப் பிறந்ததுதான் இந்த சாஸ்.

அடுத்த திருப்பம், 1997 ஆசியப் பொருளாதார நெருக்கடி. வேலை இழந்த பலர், குறைந்த முதலீட்டில் தொடங்கலாம் என்று சிக்கன் கடை போட்டார்கள். 2002 உலகக் கோப்பைக் கால்பந்து வந்தபோது, மேட்ச் பார்க்கச் சிக்கனும் பீரும் என்பது நாட்டுப் பழக்கமாகவே ஆகிவிட்டது.

தேதியில் என்ன சிக்கல்?

விழா ஒவ்வொரு வருடமும் ஒரே தேதியில் வராது. 2022இல் ஜூலை 6 முதல் 10 வரை நடந்தது. 2023இல் ஆகஸ்ட் 30 முதல் செப்டம்பர் 3 வரை தள்ளிப்போனது. 2024இல் ஜூலை 3 - 7, 2025இல் ஜூலை 2 - 6 என்று மறுபடி ஜூலைக்கே திரும்பியது. கொரோனா காலத்தில் 2020, 2021 இரண்டு வருடமும் விழாவே இல்லை.

அதாவது, 'போன வருஷம் ஜூலை முதல் வாரம்தானே' என்று நம்பி ஆஃபரில் ஃப்ளைட் போடுவது ரிஸ்க். அந்த வருடத்துக்கான தேதி அதிகாரப்பூர்வமாக வந்த பிறகுதான், பணம் திரும்ப வராத எதையும் புக் செய்ய வேண்டும்.

எப்படிப் போவது?

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் கொரியாவுக்கு முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும். வங்கிக் கணக்கு விவரம், வருமான வரித் தாக்கல், அலுவலகக் கடிதம் போன்றவை தேவைப்படும். விசா மறுக்கப்பட்டால் கட்டணம் திரும்பக் கிடைக்காது. அதனால் ஆவணங்களில் அவசரம் வேண்டாம்.

சென்னையிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக் போன்ற ஊர்களில் மாறி சியோல் போகலாம். சியோலிலிருந்து கேடிஎக்ஸ் அதிவேக ரயிலில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் தொங்தேகு ஸ்டேஷன். இதற்கான முன்பதிவு ஒரு மாதத்துக்கு முன்புதான் திறக்கும். அங்கிருந்து மெட்ரோ லைன் 1இல் ஏறி, பன்வோல்தாங்கில் லைன் 2க்கு மாறினால் துர்யு ஸ்டேஷன்.

ஃபோனில் நேவர் மேப், மொழிபெயர்க்க பபாகோ இரண்டையும் போட்டுக்கொள்வது நல்லது. கொரியாவில் நடந்து போக வழி பார்க்க கூகுள் மேப்ஸை மட்டும் நம்பினால் சிரமம்.

சென்னை வெயிலைப் பார்த்தவர்களுக்கு இது ஒரு வெயிலா?

அப்படி நினைத்தால் தப்பு. வடக்கே பல்கொங் மலை, தெற்கே பிசுல் மலை என்று சுற்றிலும் மலை சூழ்ந்த கிண்ணம் போன்ற ஊர் தேகு. வெப்பம் உள்ளேயே தங்கிவிடும். 1942 ஆகஸ்ட் 1 அன்று இங்கே 40 டிகிரி செல்சியஸ் பதிவானது. 2018இல் ஹொங்சோன் 41 டிகிரியைத் தொடும்வரை, தென்கொரியாவின் உச்சம் அதுதான். 'தேப்ரிக்கா' (தேகு + ஆப்பிரிக்கா) என்று கொரியர்களே இந்த ஊரைக் கிண்டல் செய்வதுண்டு.

போதாக்குறைக்கு, ஜூன் கடைசியிலிருந்து ஜூலை கடைசி வரை 'ஜாங்மா' எனும் மழைக்காலம். விழாவோ திறந்தவெளியில். ஒரே ஒரு மாலையை மட்டும் ஒதுக்கி, அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டால் அவ்வளவுதான். குறைந்தது இரண்டு மாலை கையில் இருக்க வேண்டும். வெயிலில் பீர் தாகத்தைத் தணிக்காது, உடம்பின் நீரைத்தான் குறைக்கும். ஆகவே தண்ணீர் பாட்டில் கட்டாயம்.

பகலில் என்ன செய்வது?

விழா களைகட்டுவது மாலையில்தான். பகலை ஊருக்குக் கொடுக்கலாம். பழமையான சோமுன் சந்தையில், கொஞ்சமே பூரணம் வைத்துக் கல்லில் சுடும் தட்டை மாண்டு கிடைக்கும். பியோங்வா சந்தைப் பக்கம் கோழி இரைப்பையைப் பொரித்துத் தருவதற்கென்றே ஒரு தெரு இருக்கிறது. வெயிலுக்கு வெயிலாலேயே வைத்தியம் என்று, ஜின்செங் போட்ட கொதிக்கும் கோழி சூப்பான 'சம்கேதாங்'கைக் கோடையில் குடிப்பதும் கொரிய வழக்கம்.

விழா முடிந்துவிட்டாலும் கவலை இல்லை. இதே சிக்கன் ஊர் முழுக்கக் கடைகளில் வருடம் பூராவும் கிடைக்கும். ஒரு முழுக் கோழி சுமார் 20,000 வொன், நம் காசுக்கு 1,200 ரூபாயை ஒட்டி வரும். இரண்டு பேர் தாராளமாகப் பகிர்ந்துகொள்ளலாம்.

குழுவில் சைவம் சாப்பிடுபவர் இருந்தால்?

உண்மையைச் சொன்னால், இந்த விழாவில் அவருக்கு வேலை குறைவு. கிம்ச்சியில்கூட மீன் சாஸோ உப்பிட்ட இறாலோ சேர்ப்பது வழக்கம். இறைச்சியும் முட்டையும் வேண்டாம் என்று சொல்லி பிபிம்பாப் கேட்கலாம். பல்கொங் மலையிலுள்ள தோங்வாசா பௌத்தக் கோயிலில் தங்கும் திட்டம் உண்டு, கோயில் உணவு சைவம். ஹலால் பார்ப்பவர்கள் விழாக் கடைகளை நம்பாமல், தங்கும் இடத்துக்கு அருகிலேயே முன்கூட்டிக் கடை தேடி வைப்பது நல்லது.

எந்த வரிசையில் புக் செய்யலாம்?

முதலில் விழாத் தேதி. அடுத்து, கேன்சல் செய்யக்கூடிய ரூம். பிறகு விசா. அது கைக்கு வந்த பின் ஃப்ளைட். கடைசியாக ரயில்.

ஏழு நாள் லீவு கிடைத்தால் சியோலில் மூன்று இரவு, தேகுவில் இரண்டு, பூசானில் ஒன்று என்று பிரிக்கலாம். தேகுவிலிருந்து கேடிஎக்ஸில் பூசான் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். தேகுவின் இரண்டு இரவையும் வியாழன், வெள்ளியாக வைத்துக்கொண்டால் வார இறுதிக் கூட்ட நெரிசலும் குறையும், ஒரு நாள் மழை வந்தாலும் இன்னொரு மாலை மிச்சமிருக்கும்.