பூஞ்சேரியில் தங்கம் எங்கே நழுவியது? ஒரு ரெய்டு லாக் வாசிப்பு

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆடாதவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ரெய்டுன்னா ஒரு குழு சேர்ந்து ஒரு பெரிய எதிரியை வீழ்த்துறது. மிதிக் என்ற கடினமான நிலையில் சரியா 20 பேர் வேணும். எல்லாரும் செத்துட்டா அதுக்குப் பேர் 'வைப்'. திரும்ப முதல்லேருந்து ஆடணும். விழுந்த ஒவ்வொரு அடியும், ஒவ்வொரு சாவும் நொடிக் கணக்கோட ஒரு லாக்-ல் பதிவாகும். அதை வார்கிராஃப்ட் லாக்ஸ் தளத்துல ஏத்தி, எங்கே சொதப்புச்சுன்னு உட்கார்ந்து பார்ப்பாங்க.

புதுசா வந்தவங்க முதல்ல பார்க்கிறது யார் எவ்வளவு அடிச்சாங்கங்கிற பட்டியலை. அனுபவசாலிகள் அதைத் தொடவே மாட்டாங்க. முதல்ல செத்தது யார், அதுக்குப் பத்து நொடி முன்னாடி என்ன நடந்ததுன்னு தேடுவாங்க. காரணம் எளிது. கடைசியா விழுந்தவரைத்தான் எல்லாரும் திரையில பார்த்திருப்பாங்க, திட்டும் அவருக்குத்தான் விழும். ஆனா ஆட்டம் பல நேரம் அதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடியே கைவிட்டுப் போயிருக்கும்.

இந்த வாசிப்பு முறையை நம்ம ஊர்ல நடந்த ஒரு குழு ஆட்டத்துக்குப் போட்டுப் பார்க்கலாம். 44-வது சதுரங்க ஒலிம்பியாட், 2022. ரஷ்யாவில் நடக்க வேண்டியது. உக்ரைன் மீதான படையெடுப்புக்குப் பிறகு அங்கிருந்து பறிக்கப்பட்டு, சில மாத அவகாசத்தில் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு வந்தது. மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் 11 ரவுண்டு. வேட்டி கட்டின குதிரை 'தம்பி' இப்பவும் நினைவிருக்கும்.

விதிமுறை இதுதான். அணிக்கு ஐந்து பேர், ஒரு மேட்சுக்கு நான்கு போர்டு, ஒருத்தர் ஓய்வு. மேட்சை ஜெயிச்சா 2 புள்ளி, டிரா 1. நாலுக்கு சைபர்னு நொறுக்கினாலும் இரண்டரைக்கு ஒன்றரைன்னு தப்பிச்சாலும் அதே 2 புள்ளிதான். அதனால தனி ஆளோட ஸ்கோரும் அணியோட ஸ்கோரும் ஒண்ணு இல்லை. ரெய்டுல அடி பட்டியலுக்கும் வெற்றிக்கும் உள்ள அதே இடைவெளி. சராசரி ரேட்டிங்கில் முதலிடத்தில் இருந்த அமெரிக்கா ஐந்தாவதா முடிச்சது. தரவரிசையில் 14-வதா வந்த உஸ்பெகிஸ்தான் ஒரு மேட்ச் கூடத் தோற்காம தங்கம் வாங்கிட்டுப் போச்சு.

இந்தியாவின் இரண்டாவது அணிக்கு ஆர்.பி. ரமேஷ் கேப்டன். குகேஷ், நிஹால் சரின், பிரக்ஞானந்தா, அதிபன், ரவுனக் சத்வானி. குகேஷ் முதல் எட்டு ஆட்டமும் ஜெயிச்சார், எட்டாவதில் எதிரே இருந்தது கருவானா. ஆகஸ்ட் 8, பத்தாவது ரவுண்டு, உஸ்பெகிஸ்தானோட மேட்ச். பிரக்ஞானந்தா சிந்தாரோவை ஜெயிக்க, வேற ரெண்டு போர்டு டிரா. அப்துசத்தோரோவ் எதிரே நல்ல நிலையில் இருந்த குகேஷ், கடிகாரம் நெருக்க நெருக்க ஜெயிக்கவே ஆடி, காயை விட்டுத் தோற்றார். மேட்ச் 2–2. அணிக்கு வெண்கலம். 'குகேஷ் அந்த ஆட்டத்தை விடாம இருந்திருந்தா தங்கம்'னுதான் இன்னைக்கும் பேச்சு.

லாகைப் பிரிச்சுப் பார்ப்போம். மொத்தம் 22 புள்ளியில் அணி எடுத்தது 18, விட்டது 4. அதில் ஆறாவது ரவுண்டில் ஆர்மீனியாவிடம் 1.5–2.5 தோல்வியில் 2 போச்சு. ஒன்பதாவதில் அஜர்பைஜானோட டிராவில் 1. உஸ்பெகிஸ்தானோட டிராவில் 1. அந்த ஆர்மீனியா மேட்சில் குகேஷ் ஜெயிச்சிருந்தார். மீதி மூணு போர்டும் சேர்ந்து எடுத்தது அரைப் புள்ளி. ஊரே பேசுற அந்த ஆட்டத்தோட பங்கு நாலில் ஒண்ணு. யாருமே பேசாத ஆகஸ்ட் 3-ம் தேதியோட பங்கு நாலில் ரெண்டு. போதாக்குறைக்கு அந்த 2 புள்ளியும் போய்ச் சேர்ந்தது, கடைசியில் 19 எடுத்து வெள்ளி வாங்கின ஆர்மீனியாகிட்ட.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. ஒலிம்பியாட் சுவிஸ் முறையில் நடக்குது. ஒவ்வொரு ரவுண்டிலும் யார் கூட மோதணும்ங்கிறது அதுவரை எடுத்த புள்ளியைப் பொறுத்தது. ஆறாவதை மாற்றினா ஏழாவது எதிரியே மாறிடுவாங்க, அதனால 'அதை ஜெயிச்சிருந்தா'ங்கிற கணக்கு அங்கே சுத்தமா நிக்காது. பத்தாவதுக்குப் பின்னாடி ஒரே ஒரு ரவுண்டுதான், கணக்கு கிட்டத்தட்ட நிக்கும். குகேஷ் டிரா பண்ணியிருந்தா இந்தியா 19, உஸ்பெகிஸ்தான் 18, ஆர்மீனியா 19, முதலிடத்துக்கு டை-பிரேக். அப்பவும் தங்கம் உறுதி இல்லை. கடைசித் தோல்வி பெருசா தெரியறதுக்கு ஒரு காரணம், அதைக் கணக்குப் போடுறது சுலபம்ங்கிறதுதான்.

பத்து நொடி முன்னாடி என்ன நடந்ததுன்னு பார்த்தா ரெண்டு விஷயம் கண்ணுல படுது. ஒண்ணு, குகேஷ் 11 ரவுண்டும் ஆடினார், ஒருநாள் கூட உட்காரலை. எட்டு வெற்றி, அப்புறம் டிரா, தோல்வி, டிரா. பதினொண்ணுக்கு 9, பெர்ஃபாமன்ஸ் 2867, முதல் போர்டில் தனிநபர் தங்கம். அவ்வளவு நல்லா ஆடுறவரை எந்தக் கேப்டனும் வெளியே வைக்கத் தயங்குவார், அது புரியுது. ஆனா பதினாறு வயசுப் பையனை எதிரணிகளோட முதல் ஆள் எதிரே வரிசையா பதினோரு தடவை உட்கார வச்சது ஒரு சுமை. களைப்பாலதான் தோற்றார்னு நான் சொல்ல வரலை. லாக் எழுதுறவன் குறிச்சு வைக்க வேண்டிய வரி அது.

ரெண்டாவது, பேச்சு. ரெய்டுல வாய்ஸ் சாட் இருக்கும், தலைவர் 'பின்வாங்கு'ன்னு கத்தலாம். சதுரங்கத்தில் கேப்டன் டிரா கேட்கவோ ஒத்துக்கவோ ஆலோசனை சொல்லலாம், ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. மற்ற மூணு போர்டும் சேர்ந்து 2–1 என்ற மேட்சில், நல்ல நிலையை வச்சிருக்கிற ஆளுக்கு 'டிரா போதும்'ங்கிற கணக்கு எப்போ, எவ்வளவு அழுத்தமா போய்ச் சேருது? என் பார்வையில் அந்த மேட்சோட உண்மையான கேள்வி அதுதான், எந்தக் காயை எங்கே விட்டார்ங்கிறது இல்லை.

மகளிர் முதல் அணி கதையும் கிட்டத்தட்ட இதேதான். பத்து ரவுண்டு முடிவில் 17 புள்ளியோட தனியா முன்னிலை. கடைசி நாள் அமெரிக்காவிடம் 1–3. கொனேரு ஹம்பியும் வைஷாலியும் டிரா, தானியா சச்தேவும் பக்தி குல்கர்னியும் தோல்வி. தங்கம் உக்ரைனுக்கு, நமக்கு வெண்கலம். விட்ட 5 புள்ளியில் 2 தான் அந்த நாளோடது. உக்ரைனோட டிராவில் 1, போலந்திடம் ஒன்பதாவது ரவுண்டில் 2. கடைசி நாள் தோற்ற தானியாதான் நாலாவது ரவுண்டில் ஹங்கேரிக்கு எதிரா மேட்சைக் காப்பாத்தினவர். பதினொண்ணுக்கு 8 எடுத்து தனிநபர் வெண்கலமும் வாங்கினார். அதிகம் தூக்கிச் சுமந்தவரே கடைசியா விழுந்தவராவும் பதிவாறது ரெய்டு லாக்லயும் அடிக்கடி பார்க்கிற காட்சி. கடைசி வரைக்கும் நிக்கிறவர்தானே கடைசியா விழ முடியும்!

2024 செப்டம்பர், புடாபெஸ்ட். ஓப்பன் அணி 22-க்கு 21, விட்ட ஒரே புள்ளி மறுபடியும் உஸ்பெகிஸ்தானோட டிராவில். குகேஷ் ஆடினது 10 ஆட்டம், எடுத்தது 9. அப்போ இந்தியாவிலேயே அதிக ரேட்டிங் வச்சிருந்த அர்ஜுன் எரிகைசியை முதல் போர்டில் போடாம மூணாவதில் வச்சாங்க. பதினொண்ணுக்கு 10 எடுத்தார். மகளிர் அணி இந்தத் தடவையும் போலந்திடம் தோற்றது, அடுத்த ரவுண்டில் அமெரிக்காவோட டிரா. அதுக்கப்புறம் சீனாவையும் அஜர்பைஜானையும் ஜெயிச்சு 19 புள்ளியோட தங்கம் வாங்கினாங்க. தானியா அந்த அணியிலும் இருந்தார்.