புதிய மேசை வாள் வாங்கினால் முதல் நாள் வேலை

கட்டில், அலுமாரி செய்து விற்கும் சிறு தொழிலை வீட்டின் பின்கொட்டிலில் பல வருடங்களாக நடத்தி வருகின்றேன். இவ்வளவு காலமும் ஊர்ப் பட்டறையில் செய்வித்த மேசை வாள்தான் எங்களிடம் இருந்தது. இரும்புச் சட்டம், கீழே ஒரு மோட்டர், மேலே திறந்தபடி சுழலும் பிளேட். மூடி என்று ஒன்று அதற்கு இருந்ததேயில்லை. என்னிடம் வேலை செய்யும் ஓடாவியாருக்கு இடது கைப் பெருவிரலில் பாதி இல்லை. அது வேறோர் இடத்தில், வேறொரு வாளில் போனது. ஆனாலும் அவர் சம்பளத்தை எண்ணி வாங்கும்போதெல்லாம் என் கண் அந்த விரலில்தான் போய் நிற்கும்.

எனவேதான் புதிதாக 10 அங்குல மெசின் ஒன்றை வாங்கினேன். விற்றவர், "மூடியையும் பின்னால் நிற்கும் தகட்டையும் கழற்றி வையுங்கள், வேலைக்கு இடைஞ்சல்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனினும் நாம் காசு கொடுப்பதே அந்த இரண்டுக்கும்தான்.

பின்னால் நிற்கும் தகட்டின் வேலையைக் கேளுங்கள். ஈரம் காயாத பலகையை நீளவாக்கில் அறுக்கும்போது, அறுத்த வாய் சில வேளை மீண்டும் மூடிக்கொண்டு பிளேட்டை நெருக்கும். பிளேட்டின் பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி எழும்புபவை. அவை பலகையைத் தூக்கி, நிற்பவரை நோக்கி எறிந்துவிடும். நிமிடத்துக்கு 4000 தடவை சுற்றும் 10 அங்குல பிளேட்டின் பல், மணிக்குச் சுமார் 190 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகின்றது. இந்தத் தகடு அறுத்த வாயை மூட விடாது. வேறு பிளேட் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: தகடு பிளேட்டின் உடலை விடத் தடிப்பாகவும், பல் அறுக்கும் அகலத்தை விட மெல்லியதாகவும் இருக்க வேண்டும்.

மெசினைப் பொருத்திய அன்று ஒரு பலகையும் அறுக்கவில்லை. பிளக்கைக் கழற்றிவிட்டு, பிளேட்டின் ஒரு பல்லில் பென்சிலால் அடையாளமிட்டோம். மேசையில் உள்ள நீளப் பள்ளத்திலிருந்து அந்தப் பல்லுக்குள்ள தூரத்தை மூலைமட்டத்தால் முன்னால் அளந்தோம். அதே பல்லைப் பின்னால் சுழற்றி மீண்டும் அளந்தபோது கிட்டத்தட்ட ஒரு மில்லிமீற்றர் வித்தியாசம்! புத்தம் புது மெசின். கீழேயுள்ள போல்ட்களைத் தளர்த்தி நேராக்கினோம். பலகை சாய்ந்து ஓடும் பென்ஸையும் அதே பள்ளத்துக்குச் சமாந்தரமாக்கினோம். பென்ஸின் பின்முனை பிளேட்டை நோக்கிச் சாய்ந்தால் பலகை நடுவில் இறுகிவிடும்.

கரண்ட் விடயத்தில் நான் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. தனி வயர், எர்த், ட்ரிப் சுவிச் மூன்றும் போட்டேன். 2022ஆம் ஆண்டின் மின்வெட்டுக் காலத்தில் பழைய வாள் பாதிப் பலகையில் நின்றது. பையன் சுவிச்சை அணைக்க மறந்துவிட்டான். கரண்ட் வந்ததும் வாள் தானாகச் சுழன்றது. நல்லவேளை, அருகில் யாரும் இல்லை. இப்போதைய மெசினில் கரண்ட் போனால் விழுந்துவிடும் சுவிச் இருக்கின்றது. மீண்டும் அழுத்தினால்தான் ஓடும். வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

சாரத்தோடு யாரும் மெசினருகில் நிற்கக் கூடாது, கையுறையும் கூடாது என்று சொல்லிவிட்டேன். கையுறை பாதுகாப்பல்லவா என்று பையன் கேட்டான். துணியைப் பல் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம்; மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியான விடயம். பிளேட் பலகைக்கு மேல் கால் அங்குலத்துக்கு மேல் எழும்பக் கூடாது. பிளேட்டுக்கு நேரே நிற்காமல் சற்று ஒதுங்கி நிற்க வேண்டும்.

கூலிக்கு ஆள் வைத்திருப்போர் இதையும் யோசிக்க வேண்டும். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி, வேலையின்போது விரல் போனால் நட்டஈடு முதலாளி தலையில். அந்தக் கணக்கோடு பார்த்தால் மூடியின் விலை ஒன்றுமில்லை.

முதல் நாள் ஓடாவியார் முகத்தைச் சுளித்தார். "என்ன தம்பி, இந்த மூடி கண்ண மறைக்குது" என்றார். நான் கழற்றவில்லை. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால், பிளைவூட் துண்டில் அவரே இரண்டு தள்ளுகோல் அறுத்து, ஒன்றை மெசினின் பக்கத்திலும் மற்றதைக் கொட்டில் தூணிலும் தொங்கவிட்டிருந்தார்.