சுவரை நனைப்பது காற்றா, கசிவா?

ஜூலை பிறந்துவிட்டால் மும்பை செம்பூரில் வீட்டுக்கு வீடு ஒரே புகார்தான். பீரோவுக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை, துணிகளில் மக்கல் வாடை, படுக்கையறைச் சுவரில் பெயின்ட் உப்பிப் பொருக்காக உதிர்கிறது. மேல்வீட்டுக்காரரோடு சண்டை போடுகிறோம், அல்லது தீபாவளிக்குப் புதுப் பெயின்ட் அடித்து மறைக்கிறோம். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பாருங்கள். செலவு யாருடையது, சட்டம் யார் பக்கம் என்பதெல்லாம் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

காற்றே சுவரை நனைக்கலாம். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம்தான். காற்று குளிரும்போது தாங்க முடியாத மிச்சம் தண்ணீராகப் படிகிறது. ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளர் வெளியே வியர்ப்பதும் இப்படித்தான். அரபிக்கடல் காற்று வீசும் மழைக்காலத்தில், 30 டிகிரியும் 85 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு நாளில், சுமார் 27 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் கோத்துக்கொள்ளும். படுக்கையறையில் 24-ல் ஏசி ஓடினால், அதே சுவர் மறுபக்கம் ஹாலில் ஈரமாவது இதனால்தான். எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் இது நிற்காது.

வீட்டுக்குள்ளும் நீராவி உற்பத்தியாகிறது. ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரை கிலோ நீராவி வெளிவரும். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீர்வதற்குள் இருபது லிட்டருக்கு மேல் தண்ணீர் வீட்டுக் காற்றில் கலக்கிறது. ஹாலில் கொடி கட்டிக் காயப்போடும் துணி தனிக் கணக்கு. சமைக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கள். பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். துணி காயும் அறையில் ஜன்னலைத் திறந்து மின்விசிறியை ஓடவிடுங்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தை இருந்தால் பூஞ்சையை அகற்றுவதைத் தள்ளிப்போடவே கூடாது.

கசிவு இதைவிட ஆபத்தானது. மொட்டைமாடி, வெளிச்சுவர் விரிசல், கழிவுநீர்க் குழாய், மேல்வீட்டுக் குளியலறை என்று எங்கிருந்து இறங்கினாலும் தண்ணீர் கடைசியில் ஸ்லாபுக்குள் இருக்கும் கம்பியைத் தொடும். துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும்; கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். கடலோரக் காற்றின் உப்பு அதை இன்னும் விரைவாக்கும். சீலிங்கில் கம்பி ஓடும் திசையிலேயே நேர்கோடாக விரிசலோ துருக்கறையோ தெரிந்தால், அதற்குக் கீழே கட்டில் போடாதீர்கள்.

இரண்டில் எது என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். சுவரைத் துடைத்துவிட்டு, ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்து அறைப் பக்கம் துளிகள் இருந்தால் காற்று. தாளுக்கு அடியில் சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் கசிவு. தேதி தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கசிவு என்றால் பொறுப்பு இடத்தைப் பொறுத்தது. மகாராஷ்டிரக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களின் மாதிரி உபவிதிகளின்படி, மழைநீராலும் வெளிப்புறப் பொதுக் குழாய்களாலும் வரும் கசிவைச் சொசைட்டிதான் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். மொட்டைமாடிக் கசிவால் மேல்தளத்துச் சீலிங் கெட்டாலும் அப்படியே. “உங்கள் பிளாட், உங்கள் செலவு” என்று கமிட்டி கைவிரித்தால் ஏற்காதீர்கள். மேல்வீட்டுக் கழிப்பறை, சிங்க் கசிந்தால் அந்த வீட்டுக்காரர் பொறுப்பு. அவர் அசையாவிட்டால் மாநகராட்சியின் எம் மேற்கு வார்டு அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்; 1888-ஆம் ஆண்டு மும்பை மாநகராட்சிச் சட்டத்தின் 381-ஆம் பிரிவில் நோட்டீஸ் அனுப்ப வழியுண்டு. புதுக் கட்டடமானால், வீட்டை ஒப்படைத்து ஐந்தாண்டுக்குள் தெரியும் கட்டுமானக் குறையை, தெரிவித்த 30 நாளில் கட்டுநர் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டின் ரெரா என்னும் வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டம். செய்யாவிட்டால் அந்தச் சட்டத்தின் மாநில ஆணையமான மகாரெராவை அணுகலாம்.

கட்டடத்துக்கு 30 வயது தாண்டியிருந்தால் மூன்றாண்டுக்கு ஒருமுறை கட்டமைப்புத் தணிக்கை நடக்க வேண்டும். 15 முதல் 30 வரை என்றால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை. கடைசி அறிக்கையை எழுத்தில் கேளுங்கள்.

எழுத்துப் புகாரை மழையிருக்கும்போதே கொடுத்து, கையொப்பமிட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள். கசியும் இடம் ஜூலையில்தான் கண்ணுக்குத் தெரியும். நீர்க்காப்பு வேலைக்குச் சுவர் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும் என்பதால், பழுதுபார்ப்பை அக்டோபருக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.