32-ஐ எப்போ கழிக்கணும்? ஒரு பனியன் சுருங்கின கதை

திருப்பூர்ல எங்க சித்தப்பா சின்னதா ஒரு பனியன் கம்பெனி வச்சிருக்கார். காலேஜ் முடிச்ச புதுசுல அவருக்கு ஒரு எக்செல் ஷீட் போட்டுக் கொடுத்தேன். அமெரிக்க பையர் வாஷ் டெஸ்ட்டுக்கான தண்ணிச் சூட்டை ஃபாரன்ஹீட்ல எழுதுவாங்க. நம்ம மெஷின்ல இருக்கறது செல்சியஸ். அதை மாத்தத்தான் அந்த ஷீட்.

ஒரு ஆர்டர்ல 105 டிகிரின்னு வந்துச்சு. ஷீட் 87-ன்னு காட்டுச்சு. மெஷினை 90-ல வச்சுத் துவைச்சாங்க. சாம்பிள் கன்னாபின்னான்னு சுருங்கிடுச்சு. திட்டு வாங்கினது காம்பேக்டிங் பார்த்த அண்ணன். தப்பு பண்ணினது நான்.

ஃபார்முலா எங்கிருந்து வருதுன்னு முதல்ல பார்ப்போம். தண்ணி உறையறது செல்சியஸ்ல 0, ஃபாரன்ஹீட்ல 32. கொதிக்கறது 100, 212. அதே இடைவெளியை ஒண்ணு 100 படியா பிரிக்குது, இன்னொண்ணு 180 படியா. 180/100, அதாவது 9/5. அதனால:

ஃபாரன்ஹீட் = செல்சியஸ் × 9/5 + 32

இதை எப்படித் திருப்பறது? பனியனை மடிச்சு, பாலிபேக்ல போட்டு, கார்ட்டன் பாக்ஸ்ல வைக்கிறோம். பிரிக்கும்போது முதல்ல பாக்ஸ், அப்புறம் பேக், கடைசியா மடிப்பு. இங்கேயும் அப்படித்தான். கடைசியா கூட்டினது 32. அதனால முதல்ல 32-ஐக் கழிக்கணும். 105 − 32 = 73. அப்புறம் 5/9-ஆல பெருக்கணும். 40.6, சுமார் 41.

செல்சியஸ் = (ஃபாரன்ஹீட் − 32) × 5/9

நான் அடைப்புக்குறியை விட்டுட்டேன். எக்செல் பெருக்கலைத்தான் முதல்ல பண்ணும். 32 × 5/9 = 17.8. 105-ல அதைக் கழிச்சா 87.2.

இன்னொரு பொறி இருக்கு. அந்த 105 பக்கத்துலயே ‘± 5’னு போட்டிருந்தாங்க. 5-ஐ அதே ஃபார்முலால போட்டா மைனஸ் 15 வரும்! 5-ங்கறது சூடு இல்ல, ரெண்டு சூட்டுக்கு நடுவுல இருக்கற வித்தியாசம். 110-லயும் 105-லயும் அதே 32 இருக்கு, கழிக்கும்போது அடிபட்டுடும். அதனால வெறும் 5 × 5/9 = 2.8, சுமார் 3.

விடையைத் திருப்பிப் போட்டுப் பார்த்திருந்தாலே மாட்டியிருக்கும். 87.2 × 9/5 + 32 = 189. பத்து செகண்ட் வேலை.

அந்த அண்ணன்கிட்ட போய் மன்னிப்புக் கேட்டேன். “105-ங்கறது காய்ச்சச் சூடுதானுங்க தம்பி? கை தாங்குமுங்களே”ன்னார். அட, காய்ச்சலை நம்ம வீட்டுல எல்லாரும் ஃபாரன்ஹீட்லதானே சொல்றோம்!