முகதாட்சண்யம் வேண்டாம், தோழிகளே!



வெளிநாட்டுச் சுற்றுலா என்பது, இப்போது பணக்காரர்களுக்கு மட்டும் உரியதாக இல்லை. சீட்டுப் போட்டு, சிறுகச் சிறுகச் சேர்த்து, தெருப் பெண்களே கூட்டாகக் கிளம்பி விடுகிறோம். புறப்படும் முன், 'புளிக்காய்ச்சல் எடுத்துக்கிட்டியா, மாத்திரை எடுத்துக்கிட்டியா' என்று, ஆளாளுக்கு நினைவுபடுத்துவோம். ஆனால், போகிற ஊரில் ஏமாற்றுக்காரன் எப்படிப் பேசுவான் என்பதை மட்டும், யாரும் சொல்லி அனுப்புவதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் தெருவிலிருந்து, 12 பெண்கள், ஐந்து நாள் பயணமாக தாய்லாந்து போயிருந்தோம். தலைநகர் பாங்காக்கில், 1782ல் கட்டத் துவங்கிய அரண்மனை இருக்கிறது. மரகத புத்தர் கோவிலும் அதே வளாகத்தில் தான். அந்த ஊருக்குப் போகிறவர்கள், இதைப் பார்க்காமல் திரும்ப மாட்டார்கள். அதனாலேயே, ஏமாற்றுக்காரர்களும் அந்த மதில் ஓரமாகத் தான் நிற்கிறார்கள்.

நானும், என் நாத்தனாரும் மதிலை ஒட்டி நடந்து போனபோது, வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், கழுத்தில் அடையாள அட்டையோடு சிரித்தபடி வந்தார். கை கூப்பி வணங்கி, 'இன்று காலை அரண்மனை மூடியிருக்கிறது; பூஜை நடக்கிறது. மதியம் தான் திறப்பார்கள். அது வரை வேறு கோவில்களைப் பார்த்து வாருங்கள். அரசு ஏற்பாட்டில், 20 பாட்டுக்கு ஆட்டோ இருக்கிறது' என்றார், ஆங்கிலத்தில். 'பாட்' என்பது அந்த நாட்டுப் பணம்.

ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே, என் மகள் சொல்லியிருந்தாள்... 'அம்மா, யார் என்ன சொன்னாலும், வாசல் வரை போய், டிக்கெட் கவுன்டரை உன் கண்ணால பாரு' என்று. தலையை ஆட்டிவிட்டு, நடந்து கொண்டே இருந்தோம். பிரதான வாசல் விரியத் திறந்திருந்தது. கூட்டம் கூட்டமாக ஆட்கள் உள்ளே போய்க் கொண்டிருந்தனர். 'அரண்மனை தினமும் திறந்திருக்கும். வெளியாட்கள் பேச்சை நம்பாதீர்கள்' என, அங்கேயே அறிவிப்புப் பலகையும் வைத்திருக்கின்றனர். காலை, 8:30 முதல், மாலை, 3:30 மணி வரை டிக்கெட் தருகின்றனர். அரச குடும்ப நிகழ்ச்சிக்காக எப்போதாவது மூடினாலும், அதைச் சொல்ல வேண்டியது வாசலில் உள்ள சீருடைக் காவலர் தானே தவிர, தெருவில் நிற்பவர் அல்ல.

எங்களுக்குப் பின்னால் வந்தது, எங்கள் குழுவில் மூத்தவரான, ஓய்வு பெற்ற ஆசிரியை. 'டீச்சர் அக்கா' என்று தான் கூப்பிடுவோம். கணவர் இல்லை, பென்ஷனில் மிச்சம் பிடித்து வந்தவர். அவரிடமும், துணைக்கு வந்த அவரது தங்கையிடமும், அதே கதையைச் சொல்லியிருக்கின்றனர். இருவரும், 'டுக் டுக்' எனும் ஆட்டோவில் ஏறி விட்டனர்.

ஆட்டோக்காரர், முதலில் ஒரு சின்னக் கோவிலில் இறக்கி விட்டார். அங்கே, கோட் போட்ட ஒருவர் தற்செயலாகப் பேச்சுக் கொடுப்பது போல வந்து, 'உங்களுக்கு அதிர்ஷ்டம்! அரசு ஆதரவில் நடக்கும் நவரத்தின விற்பனை, இன்றோடு முடிகிறது. நான் வருஷா வருஷம் வாங்கி, என் ஊரில் இரட்டை விலைக்கு விற்கிறேன்' என்றிருக்கிறார். ஆட்டோக்காரரும், 'ஆமாம்' போட்டிருக்கிறார். மூன்று பேரும், ஒருவரை ஒருவர் அறியாதவர் போலவே பேசியது தான் இதில் சாமர்த்தியம். தனித்தனியாக மூன்று பேர் ஒரே விஷயத்தைச் சொன்னால், நம்பாமல் என்ன செய்வோம்?

கடையில் குளிர்பானம் கொடுத்து, உட்கார வைத்து, நீலக்கல் பதித்த இரண்டு மோதிரங்களை, 45 ஆயிரம் ரூபாய்க்குத் தலையில் கட்டி விட்டனர். டீச்சர் அக்கா வேண்டாம் என்று தான் நினைத்தாராம். 'ஒரு மணி நேரமா எடுத்து எடுத்துக் காட்டினான்... ஜூஸ் வேற குடிச்சாச்சு. முகத்தை முறிச்சுட்டு எப்படி எழுந்து வர்றது?' என்று, பிற்பாடு அழுதார்.

ஊர் திரும்பி, தெரிந்த நகைக்கடையில் காட்டியபோது தான், விஷயம் புரிந்திருக்கிறது. 'கல்லு நிஜக்கல்லு தாம்மா, கண்ணாடி இல்ல. ஆனா, தரம் ரொம்ப மட்டம். நாலாயிரம் பெறும்' என்றாராம், கல் பார்ப்பவர்.

பணம் போனதை விட எனக்கு வருத்தமாக இருந்தது, வேறொன்று. அன்று மாலையே, டீச்சர் அக்காவுக்கு மனசு உறுத்தியிருக்கிறது. ஆனாலும், அடுத்த மூன்று நாளும் பாங்காக்கிலேயே எங்களோடு இருந்தும், அவர் வாயே திறக்கவில்லை. 'படிச்சவளே இப்படி ஏமாந்துட்டாளேன்னு சிரிப்பீங்க. மகனுக்குத் தெரிஞ்சா, இனிமே எங்கேயும் விட மாட்டான்' என்ற பயம். அன்றே சொல்லியிருந்தால், 12 பேருமாகப் போய்க் கேட்டிருப்போம். தாய்லாந்தில், சுற்றுலாப் பயணியருக்கென்றே தனி போலீஸ் இருக்கிறது. 1155 என்ற எண்ணை, 24 மணி நேரமும் கூப்பிடலாம், ஆங்கிலத்தில் பேசலாம். ஊர் திரும்பிய பின், யாரிடம் போய்க் கேட்பது?

யோசித்துப் பார்த்தால், இந்த ஏமாற்றுக்காரர்களின் முதலீடு, நம் பேராசை மட்டும் அல்ல. நம்மிடம் உள்ள இரண்டு பழக்கங்கள் தான். ஒன்று, நேருக்கு நேர் முகத்தை முறிக்கத் தெரியாத முகதாட்சண்யம். இன்னொன்று, ஏமாந்ததை வெளியே சொல்ல வெட்கம். இந்த இரண்டையும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனால், பாதி ஆபத்து தீர்ந்தது.

எங்கள் குழுப் பெண்கள் உட்கார்ந்து பேசி, அடுத்த பயணத்துக்கு எழுதி வைத்துக் கொண்டதை, உங்களுக்கும் சொல்கிறேன்:

* நீங்களாகப் போய் வழி கேட்டால், பெரும்பாலும் நல்லபடியாகவே சொல்கின்றனர். அந்த ஊர் மக்கள் மிகவும் அன்பானவர்கள். தானாக வந்து, உங்கள் திட்டத்தை மாற்றச் சொல்பவரிடம் தான் கவனம் தேவை. 'மூடியிருக்கு, விடுமுறை, இன்றே கடைசி' என்ற வார்த்தைகள் காதில் விழுந்தால், உஷாராகி விடுங்கள். நம் ஊர் கோவில் வாசலில், 'நடை சாத்தியாச்சு. நான் வேற வழியா கூட்டிட்டுப் போறேன்' என்பாரே, அவருக்கு இவர் தம்பி!

* நம்ப முடியாத குறைந்த கட்டணத்தில் ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்றால், ஆட்டோ ஓட்டுனருக்குக் கடையிலிருந்து, 'கமிஷன்' வருகிறது என்று அர்த்தம். மீட்டர் போடும் டாக்சியிலோ, தொகை முன்கூட்டியே தெரியும், 'கிராப்' போன்ற மொபைல் போன் செயலியிலோ செல்லுங்கள்.

* நகை மதிப்புத் தெரியாத ஊரில், 'ஊர்ல போய் வித்தா லாபம்' என்று யார் சொன்னாலும் வாங்காதீர்கள். அவ்வளவு லாபம் என்றால், அவரே கொண்டு போய் விற்க மாட்டாரா? பொருளைத் தபாலில் வீட்டுக்கே அனுப்புகிறோம் என்று சொல்லும் கடைகளும் உண்டு. நாம் அந்த ஊரில் இருக்கும் வரை, கல்லை யாரிடமும் காட்டிவிடக் கூடாது என்பதற்காகத் தான்.

* அரண்மனை எதிரில் உள்ள மைதானப் பக்கம், புறாவுக்குப் போடச் சொல்லி, தானியத்தைக் கையில் திணிப்பவர்கள் உண்டு. போட்டதும், பணம் கேட்டு மல்லுக்கு நிற்பர். யார், எதைக் கையில் கொடுத்தாலும், கையை மூடிக் கொள்ளுங்கள்.

* 'உங்க முகத்துல லட்சுமி களை இருக்கு' என்று, நம் நாட்டு முகத்தோடு ஒருவர் ஆங்கிலத்திலோ, இந்தியிலோ ஆரம்பிப்பார். காகிதத்தில் எதையோ எழுதி, கசக்கி, கையில் கொடுப்பார். பிறகு, உங்களுக்குப் பிடித்த பூவைக் கேட்பார். பிரித்தால், அதே பூவின் பெயர் இருக்கும். காகிதத்தை மாற்றும் கை வேகம் தான் அது. அடுத்து, தட்சணை கேட்பார். கொடுக்காவிட்டால், 'வீட்டுக்கு ஆகாது' என்று மிரட்டுவார். நம் பலவீனம் தெரிந்து அடிக்கிற அடி இது. நின்று கேட்கவே வேண்டாம்.

* பட்டாயா கடற்கரையில், தண்ணீரில் ஓட்டும் ஸ்கூட்டர் வாடகைக்குக் கிடைக்கும். ஓட்டி முடித்ததும், பழைய கீறலைக் காட்டி, பெரும் தொகை கேட்பவர்கள் உண்டு. கூட வரும் பிள்ளைகள் ஆசைப்பட்டால், ஏறும் முன்பே நாலு பக்கமும் மொபைலில் படம் எடுத்து விடுங்கள். எதற்காகவும், பாஸ்போர்ட்டை அடமானமாகக் கொடுக்காதீர்கள், நகல் போதும்.

* வேண்டாம் என்று சொல்ல, தாய் மொழியிலேயே மரியாதையான வார்த்தை இருக்கிறது. 'மை ஆவ் கா' என்றால், 'வேண்டாங்க' என்று அர்த்தம். பெண்கள் பேசும் போது கடைசியில் சேர்க்கும், 'கா' தான் அந்த மரியாதை. சிரித்துக் கொண்டே சொல்லி, நிற்காமல் நடங்கள். முகதாட்சண்யமும் கெடாது, பணமும் போகாது.

* கார்டில் பணம் கட்டி ஏமாந்தது தெரிந்தால், உடனே வங்கிக்குத் தகவல் சொல்லி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

கடைசியாக, வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏமாந்து வந்த பெண்ணை, 'உனக்கு அறிவில்லையா' என்று கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து தான், எத்தனையோ பேர் வாயை மூடிக் கொள்கின்றனர். நாம் மூடி வைக்க வைக்க, அந்த வெள்ளைச் சட்டைக்காரர்களுக்குத் தான் கொண்டாட்டம்.

டீச்சர் அக்காவின் சம்மதத்தோடு தான் இதை எழுதியிருக்கிறேன். 'பேரைப் போடாதே, ஆனா, நடந்ததை முழுசா எழுது. இன்னொருத்தி தப்பிச்சா, அந்த 45 ஆயிரம் வீண் போகலேன்னு நெனச்சுக்கறேன்' என்றார். படித்து விட்டு, அடுத்து விமானம் ஏறப் போகும் உங்கள் தோழிக்கும், மறக்காமல் சொல்லுங்கள்!

— கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி.